பொம்மை முயலைத் துரத்தியது போதும்!

அரை கிலோமீட்டரை முப்பது வினாடிக்குள் கடந்துவிடும் நாய் ஒன்று உண்டு. மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொடும் வேகம். பெயர் கிரேஹவுண்ட். ஒன்றரை வயதில் அதைப் பந்தயப் பாதையில் இறக்குவார்கள். நான்கு வயதிலோ ஐந்து வயதிலோ, காலில் அடிபட்டால் இரண்டு வயதிலேயோ, "இனி இது தேறாது" என்று கழித்துவிடுவார்கள். அதன் ஆயுளோ பத்து முதல் பதின்மூன்று ஆண்டு. கணக்குப் போட்டுப் பார். பாதி வாழ்க்கையோ அதற்கு மேலோ பாக்கியிருக்கும்போதே முத்திரை குத்தி ஓரங்கட்டப்பட்ட உயிர் அது.

புனேயின் ஹிஞ்சேவாடியில் இருக்கும் தம்பியே, உன்னிடம்தான் பேசுகிறேன். தங்கையே, உன்னிடமும்தான். பூம்கர் சௌக் நெரிசலில் நின்று நின்று ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க்கின் மூன்றாம் பேஸுக்குப் போய்ச் சேர்ந்து, பிராஜெக்டிலிருந்து ரிலீஸ் என்ற மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் ஊருக்குப் போன் போட்டு "வேலை நல்லா போகுதும்மா" என்று சொன்னாயே, அந்த உனக்காக எழுதுகிறேன். முப்பத்தெட்டு வயதில், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, இனி என்னை எவன் எடுப்பான் என்று நடுராத்திரியில் விழித்துக் கிடக்கிறாயே, அந்த உனக்காக எழுதுகிறேன். ஓய்வுபெற்ற பந்தய நாயின் கதை உனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தெரிந்தபின், அப்படிக் கழிக்கப்பட்ட ஓர் உயிருக்கு உன் வீட்டுக் கதவை நீ திறக்க வேண்டும்.

1919-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், எமரிவில் என்ற ஊரில், ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர் ஒரு பாதை அமைத்தார். தண்டவாளத்தில் ஓடும் இயந்திர முயல். அதன் பின்னால் நாய்கள். அன்று தொடங்கியதுதான் இன்றைய நாய்ப் பந்தயம். அந்த முயல் எந்த நாய்க்கும் கிடைக்காது. கிடைக்காதபடிதான் அது ஓட்டப்படுகிறது. முன்னால் வரும் நாய் நெருங்க நெருங்க, விசையைப் பிடித்திருப்பவன் முயலின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவான். முதலில் வந்த நாய்க்கும் முயல் இல்லை, கடைசியில் வந்த நாய்க்கும் இல்லை. சொல், உன் முயலை ஓட்டுபவன் யார்? அடுத்த ரேட்டிங், அடுத்த பேண்டு, அடுத்த ஆன்சைட் என்று நீ நெருங்கும்போதெல்லாம் விசையைத் திருகியது யார்? உழைக்காதே என்று நான் சொல்லவில்லை. ஓடு, உயிரைக் கொடுத்து ஓடு. ஆனால் வேறொருவன் கையிலிருக்கும் விசையைக் கொண்டு உன்னை நீயே அளக்காதே!

ஓட்டம் நின்ற பிறகு அந்த நாய்க்கு என்ன நடக்கிறது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. பிறந்தது முதல் கூண்டும் பாதையும் மட்டுமே பார்த்த உயிர் அது. மாடிப்படி தெரியாது. கண்ணாடிக் கதவு என்று ஒன்று இருப்பது தெரியாததால் நேராகப் போய் மோதிக்கொள்ளும். நிலைக்கண்ணாடியில் தன்னையே பார்த்து மிரளும். வழவழப்பான டைல்ஸ் தரையில் நான்கு காலும் நான்கு பக்கம் போகும். மிக்ஸி சத்தம் கேட்டால் நடுங்கும். மைதானம் முழுக்க எழுந்து நின்று கைதட்டிப் பாராட்டிய வேகக்காரன், ஒரு வீட்டின் முதல் படிக்கட்டில் கால் வைக்கப் பயந்து நிற்பான்.

பிறகு கற்றுக்கொள்வான். வளர்ப்பவர் ஒருவர் முன்னால் நின்று கூப்பிட, இன்னொருவர் பின்னால் நின்று ஒவ்வொரு பாதமாகத் தூக்கி அடுத்த படியில் வைக்க, முதல் நாள் மூன்று படி, மறுநாள் ஏழு படி என்று ஏறி, கொஞ்ச நாளில் மாடி முழுக்க அவன் ராஜ்யம். கண்ணாடிக் கதவில் ஒட்டிய ஒரு காகிதத் துண்டைப் பார்த்து நின்று நிதானிக்கப் பழகுவான். பொம்மை என்றால் என்ன என்றே அறியாதவன், குழந்தை தூக்கிப்போட்ட பந்தை வாயில் கவ்விக்கொண்டு வீடெல்லாம் சுற்றுவான். நாயின் நான்கு, ஐந்து வயது என்பது நம் கணக்கில் முப்பதைத் தாண்டிய வயது. அந்த வயதில் அ, ஆவிலிருந்து தொடங்குகிறது அந்த உயிர்! புதிய டெக்னாலஜி படிக்க எனக்கு வயதாகிவிட்டது என்று சொல்லும் உன் வாயை முதலில் மூடு. உன்னைவிட இளையவனிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வெட்கப்படுகிறாயா? படிக்கட்டின் கீழே நடுங்கிக்கொண்டு நின்ற அந்த நாய் வெட்கப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை.

இன்னொன்றும் கேள். இவ்வளவு வேகமான நாய்க்குப் பெரிய தோட்டம் வேண்டும், நாள் முழுக்க ஓடவிட வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. காலையும் மாலையும் நல்ல நடை போதும். மற்ற நேரமெல்லாம் மெத்தையில் சுருண்டு தூங்கும். அதிகம் குரைக்காது. அடுக்குமாடி வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெரிய நாய் குறைவு. இத்தனை காலம் அதன் உடம்பை ஒரே ஒரு வேலைக்காகப் பார்த்தவர்கள், அந்த உடம்புக்குள் இத்தனை சாந்தம் இருந்ததைக் கவனிக்கவே இல்லை. அது மட்டுமா? ஓட்டத்துக்காகவே உருவான அதன் ரத்தத்தில் சிவப்பணுக்கள் மற்ற நாய்களைவிட அதிகம். பெரும்பாலான கிரேஹவுண்டுகளின் ரத்த வகை மற்ற நாய்களுக்கும் ஏற்றக்கூடியது. அதனால் பல நாடுகளில் ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகள் விலங்கு மருத்துவமனைகளின் ரத்தக் கொடையாளிகள். பாதையில் தோற்றதென்று கழித்த அதே உடம்பு, அறுவைச் சிகிச்சை மேசையில் கிடக்கும் இன்னொரு உயிரை எழுப்பி நிறுத்துகிறது. உன் திறமைக்கு ஒரே ஒரு வாசல்தான் என்று உனக்குச் சொன்னவன் பொய் சொன்னான்.

உலகமும் மெல்லத் திருந்துகிறது. 2018 ஜூலையில் மக்காவ் நகரின் கேனிட்ரோம் பந்தயத் திடல் மூடப்பட்டபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் கூண்டுகளில் விடப்பட்டிருந்தன. அனிமா என்ற விலங்கு நல அமைப்பு அவற்றைப் பொறுப்பேற்று, பல நாடுகளில் வீடு தேடிக் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில மக்கள், வாக்களித்தவர்களில் 69 சதவீதம் பேர், நாய்ப் பந்தயம் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். 2020 முடிவதற்குள் அங்கே பந்தயம் நின்றது. 2024 டிசம்பரில் நியூசிலாந்து அரசும் முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. இத்தனையும் அரசுகள் தாமாக மனமிரங்கிச் செய்தவை அல்ல. ஒரு நாயைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், அதன் மென்மையைத் தெருவுக்கே காட்டிய சாதாரணக் குடும்பங்கள்தான் இந்தக் காற்றை உருவாக்கின.

நம் நாட்டிலும் ஓட்டத்துக்காக நாய் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். லூதியானா அருகே கிலா ராய்ப்பூரில் 1933 முதல் நடந்துவரும் கிராமிய விளையாட்டு விழாவில் கிரேஹவுண்ட் ஓட்டம் பேர்பெற்றது. ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கூர்முகமும் ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களுமாக, பார்வையாலேயே வேட்டையாடும் நாய்கள் நம் மண்ணிலேயே உண்டு. விருதுநகர்ச் சீமையின் சிப்பிப்பாறையையும் கன்னியையும் உனக்குத் தெரியும். நீ வேலை பார்க்கும் இந்த மகாராஷ்டிரத்தின் கிராமங்களில் அதே சாயலில் கர்வானி உண்டு. காரவான் ஹவுண்ட் என்பார்கள். முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இவற்றின் தொழிலை 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறுத்தியது. நிறுத்தியது சரிதான். ஆனால் தொழில் போன நாய்க்கு என்ன வழி என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அழகுக்காக வாங்கி, அடக்க முடியாமல் அலுத்து, கட்டிப்போட்டே வைத்து, கடைசியில் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சீருடை அணிந்த நாய்களின் கதையும் இதுதான். ஒரு காலத்தில், பணிக்கு இனி உதவாது என்று கழிக்கப்பட்ட ராணுவ நாய்கள் கருணைக்கொலை செய்யப்பட்டன. 2015-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே அது வெளிவந்தபோது நாடு கொதித்தது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது, வழக்கம் மாறியது. 2019-இல் டெல்லி மெட்ரோவைக் காத்த ஏழு நாய்களுக்கு மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை பதக்கம் அணிவித்து விடைகொடுத்தது. இங்கே பக்கத்தில் மும்பையில், 26/11 தாக்குதலின்போது வெடிகுண்டுகளை மோப்பம் பிடித்த மேக்ஸ், சுல்தான், டைகர், சீசர் ஆகிய நான்கு காவல்துறை நாய்களும் ஓய்வுக்காலத்தை விராரில் ஒரு பண்ணை வீட்டில் கழித்தன. நால்வரில் கடைசியாக, 2016 அக்டோபரில் இறந்தவன் சீசர். அவற்றுக்கு அந்த நிழல் கிடைத்தது ஒரு தனி மனிதர் தன் வாசலைத் திறந்ததால். திட்டம் வரட்டும், நிதி ஒதுக்கட்டும் என்று அவர் காத்திருந்திருந்தால், அந்த நான்கு நாய்களும் கூண்டிலேயே முடிந்திருக்கும்.

நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். சொசைட்டியில் விட மாட்டார்கள் என்பாய். 2015-இல் இந்திய விலங்கு நல வாரியம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைப் படித்தாயா? பெரும்பான்மை வாக்கெடுத்துக்கூட வளர்ப்பு நாயைக் குடியிருப்போர் சங்கம் தடைசெய்ய முடியாது என்கிறது அது. அந்தத் தாளை அச்செடுத்துச் செயலாளர் மேசைமேல் வை. குரலை உயர்த்தாதே, ஆனால் நிமிர்ந்து பேசு. மேனேஜர் முன்னால் உன் நியாயத்தைச் சொல்ல வராத வார்த்தை, பேச முடியாத ஒரு ஜீவனுக்காகப் பேசும்போது வரும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு உனக்காகவும் வரும்.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மனச்சோர்வுக்கு மருந்தாக நாயைத் தேடாதே. ஆன்சைட் கிடைத்ததும், வீடு மாறியதும், கல்யாணம் நிச்சயமானதும் நாயைத் தெருவில் விட்டுப் போகிறார்களே, அவர்களும் ஆசையாகத்தான் வாங்கினார்கள். 1960-இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! ஹிஞ்சேவாடியில் ஒரு வடாபாவும் டீயும் வாங்கும் காசு. சட்டம் உன்னைத் தடுக்காது, தம்பி. உன் சொல்தான் உன்னைத் தடுக்க வேண்டும். பெங்களூருக்கு மாற்றல் வந்தால் இவன் என்னோடு வருவான், அமெரிக்காவுக்குப் போனால் இவனை யாரிடம் விடுவேன் என்று எனக்கு இன்றே தெரியும் என்று உன்னால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் எடு. காலை எட்டு மணிக்குப் பூட்டிய வீட்டை இரவு பத்துக்குத் திறப்பவனாக இருந்தால், இப்போது வேண்டாம். மனத்திடம் என்பது தலையை ஆட்டுவதில் மட்டும் இல்லை. என்னால் இப்போது முடியாது என்று நேர்மையாகச் சொல்வதற்கும் திடம் வேண்டும். அப்படிச் சொன்னவன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காப்பகத்துக்குப் போய் நாய்களை நடத்திக்கொண்டு வரலாமே!

எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், வேலை இருக்கிறது. ஓட்ட நாயை வெளியில் ஒருபோதும் கயிறில்லாமல் விடாதே. ஓடும் பூனையைக் கண்டால் ஒரு நொடியில் கைக்கு எட்டாத தூரம் போய்விடும். இந்தச் சாலைகளில் டேங்கர் லாரி அதற்காக நிற்காது. கழுத்தைவிடத் தலை ஒடுங்கியிருப்பதால் சாதாரணப் பட்டை கழன்றுவிடும். இழுத்தால் இறுகும் அகலப் பட்டை வாங்கு. தூங்கும்போது தொட்டு எழுப்பாதே, பெயர் சொல்லிக் கூப்பிடு. கூண்டில் தனியாகத் தூங்கிய நாய் திடீர்த் தொடுதலில் மிரண்டு கடிக்கலாம். உடம்பில் கொழுப்பும் ரோமமும் குறைவு, தோல் மெல்லியது. டிசம்பர், ஜனவரிப் புனே குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும், படுக்க மெத்தை வேண்டும். விலா எலும்பு தெரிகிறதே, சோறு போடுகிறாயா இல்லையா என்று பக்கத்து வீட்டு ஆஜி கேட்பார். அதன் உடல்வாகு அப்படித்தான் என்று பொறுமையாகச் சொல். அறுவைச் சிகிச்சை என்றால், சில மயக்க மருந்துகள் இந்த இனத்துக்கு ஆகாது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே நினைவுபடுத்து. முதல் சில நாள் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டாதே. அது மூலையிலேயே படுத்திருந்தால் இருக்கட்டும். அது எழுந்து வரும் வேகம் அதனுடையது. நீ எந்த டெட்லைனும் வைக்காதே.

புனேயில் மீட்கப்பட்ட நாய்களுக்கு வீடு தேடும் அமைப்புகள் இருக்கின்றன. 2007-இல் தொடங்கிய ரெஸ்க்யூ அறக்கட்டளை அவற்றில் ஒன்று. வீட்டு உரிமையாளரிடம் இந்த வாரமே எழுத்தில் சம்மதம் வாங்கு. சனிக்கிழமை காலை கிளம்பு. காப்பகத்தில் குட்டிகள் இருக்கும் பக்கம் கூட்டம் நிற்கும். அதைத் தாண்டி உள்ளே போ. போய், நான்கு வயதைக் கடந்த நாய்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேள்.