அறத்துக்குச் சொர்க்கம் கூலியா?

பரிசும் தண்டனையும் இல்லாவிட்டால் மனிதர் கெட்டுப்போவார்கள் என்பது பல மதங்களின் நெடுநாள் அச்சம். பால்குடிக் குழந்தையின் முகத்திலேயே பொறாமையைக் கண்ட கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின், பாவம் பிறவியோடு வருகிறது என்றார். 2006இல் உளவியலாளர்கள் பெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அதில், துணி உலர்த்தும் அந்நியரின் கையிலிருந்து கிளிப் தவறி விழுகிறது. கையை நீட்டுகிறார், எட்டவில்லை. 18 மாதக் குழந்தை தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுக்கிறது, பாராட்டோ பரிசோ இல்லாமலே. 24 குழந்தைகளில் 22 பேர் ஒருமுறையேனும் உதவினார்கள். 2008இல் அவர்களே வெளியிட்ட ஆய்வு என்னை இன்னும் ஆழமாகப் பாதித்தது: உதவிக்குப் பொருள் பரிசாகப் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றதும், பொருள் பரிசு பெறாத குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின.

இதே குழந்தைதான் பொம்மைக்காகக் கடிக்கவும் செய்கிறது. அகஸ்டின் கண்டது பொய்யல்ல. உதவும் குணம் பெற்றோர் பழக்கியதாக இருக்கலாம் என்பதும் நியாயமான கேள்வியே. ஆனால் அதே 2006 ஆய்வில் மனிதரிடம் வளர்ந்த இளம் சிம்பன்சிகளும் எட்டாத பொருளை எடுத்துக் கொடுத்தன. அவற்றுக்கு யாரும் நரகத்தைச் சொல்லவில்லை. உதவும் குணம் இயல்பிலேயே இருந்தாலும், பிடிக்காதவருக்கும் இரக்கம் காட்டுவதுதான் கடினம். சமயத்தின் பணி அங்கே இருக்கிறது, ஏற்கெனவே இருக்கும் இரக்கத்தைப் பரிசாலும் பயத்தாலும் வாங்குவதில் அல்ல. பிஞ்சு வயதில் நரகத்தின் எண்ணெய்க் கொப்பரையைக் காட்டி ஒழுக்கம் ஊட்டுவதை அதனால்தான் எதிர்க்கிறேன்.