வலி இருக்கிறதா என்று பார்ப்பது

அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள் கிள்ளானிலிருந்து அத்தை வந்திருந்தார். நான் மைலோவைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போய், தொடைகளுக்குச் சற்று முன்னால் வயிற்றின் இரு பக்கமும் கை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டிருந்தேன். சிறுநீர் கழிக்கச் சொல்லும் கட்டளை அவனுடைய முதுகுத்தண்டைத் தாண்டி இன்னும் இறங்கவில்லை. நாளைக்கு நான்கு முறை நாம்தான் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தேங்கிக் கிருமி பிடிக்கும்.

அத்தை கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாய்க்குப் போயி இவ்ளோவா?" என்றார். இந்தக் கேள்வி எனக்குப் பழகிவிட்டது. செக்‌ஷன் 17இல் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், அலுவலகத்தில் கேட்டார்கள். மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டியவள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இன்னொன்றும் கேட்டார். "அண்ணனுக்கு யாரு இதெல்லாம் செஞ்சா?"

அண்ணன் என்றால் என் அப்பா.

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. இரண்டாவதற்கு இல்லை. இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது, ஆனால் மைலோவின் வழியாகத்தான் என்னால் அங்கே போக முடிகிறது.

மைலோ ஒரு டாக்ஸ்ஹுண்ட். இங்கே சாசேஜ் நாய் என்றால்தான் தெரியும். ஆறு வயது. ஒரு சனிக்கிழமை இரவு சோஃபாவிலிருந்து குதித்தான். எப்போதும் குதிப்பதுதான். காலையில் பின்னங்கால்கள் இரண்டும் ஈரத்துணி மாதிரி இழுபட்டன. முன்னங்கால்களால் தவழ்ந்து என்னிடம் வந்து, வழக்கம்போல வாலாட்டப் பார்த்தான். வால் அசையவில்லை. அதை அவனே திரும்பிப் பார்த்தான்.

மருத்துவர் இடுக்கியால் அவனுடைய பின்னங்கால் விரலை நெரித்தார். கால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. எனக்கு உயிர் வந்தது. "அதை நம்பாதீங்க" என்றார் அவர். கால் இழுத்துக்கொள்வது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல், மூளைக்குச் செய்தி போகாமலேயே அது நடக்கும். அவர் காலைப் பார்க்கவே இல்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் இன்னும் அழுத்தி நெரித்தார். மைலோ தலையைத் திருப்பி அவர் கையைக் கடிக்கப் போனான். மருத்துவர் சிரித்தார். "வலிக்குது. நல்லது."

அந்த உணர்வு மிஞ்சியிருக்கும் நாய்களில் பத்தில் ஒன்பது அறுவைக்குப் பிறகு திரும்ப நடக்கின்றன. அது போய்விட்டால் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். விலங்குகளைக் கடிகாரம் போன்ற இயந்திரங்கள் என்று நினைத்தார் தெக்கார்த். கால் மட்டும் இழுத்துக்கொள்வதற்கு அவர் சொன்னது பொருந்தலாம். ஆனால் ஒரு கால்நடை மருத்துவர் முடிவெடுப்பது முகத்தை வைத்து. வலி யாரையாவது போய்ச் சேர்கிறதா, உள்ளே ஆள் இருக்கிறதா என்பதுதான் சோதனை. ஒரு நாயிடம் கேட்கக்கூடிய ஒரே கேள்வி அது. மைலோவிடம் அதைக் கேட்டோம், பதிலும் வந்தது.

மற்றதை எல்லாம் அவனிடம் கேட்காமல்தான் செய்தோம். யோசித்தால், அவனுடைய உடம்பே யாரும் கேட்காமல் செய்ததுதான். ஜெர்மனியில் பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கை வேட்டையாட, வளைக்குள் நுழையும் நாய் வேண்டியிருந்தது. குட்டைக் கால் நாய்களாகப் பார்த்துப் பார்த்து இணைத்தார்கள். அந்தக் கால்களுக்குக் காரணம் எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்று என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். பன்னிரண்டாம் குரோமோசோமில் இன்னொரு பிரதி இருப்பதை 2017இல் கண்டார்கள். அது கால்களைக் குட்டையாக்குவதோடு, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கையும் சின்ன வயதிலேயே இறுகவைக்கிறது. இறுகிய டிஸ்க் ஒரு குதியில் வெடித்து, உள்ளிருப்பது தண்டுவடத்தில் போய் அழுந்துகிறது. ஆக, மைலோவின் நோயும் மைலோவின் அழகும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அந்தக் கால்களுக்காகத்தான் நான் அவனை வாங்கினேன்.

முதுகெலும்பின் ஒரு பக்க வளைவை வெட்டி, அழுந்தியதைச் சுரண்டி எடுத்து, தைத்து அனுப்பினார்கள். அவர்கள் வேலை சில மணி நேரம். மிச்சம் ஆறு வாரம் வீட்டில்.

ஆறு வாரமும் கூண்டு. கூடத்தின் மூலையில், அவன் திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டு. கழிக்க வெளியே போகும்போது வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடம், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் முழுக்க வழுக்கும் டைல்ஸ் தரை. யோகா பாய்களை வாங்கி நடைபாதை மாதிரி ஒட்டினேன். புண் வராமல் இருக்கச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். காலையும் மாலையும் பின்னங்கால்களைச் சைக்கிள் மிதிப்பதுபோல் மடக்கி நீட்ட வேண்டும்.

இவை பழகிவிடும். பழகாதது அவன் அழுகை. நான் சோஃபாவில் உட்காரும்போதெல்லாம் கூண்டுக்குள்ளிருந்து அழுவான். ஏன் அடைத்திருக்கிறேன் என்று அவனுக்குச் சொல்ல வழியில்லை. 2015ஆம் ஆண்டின் மலேசிய விலங்குநலச் சட்டம் உரிமையாளர் கவனிக்க வேண்டிய தேவைகளைப் பட்டியலிடுகிறது. விலங்கு தன் இயல்புப்படி நடந்துகொள்ள முடிவது அதில் ஒன்று. வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்கப்படுவது இன்னொன்று. ஆறு வாரமும் நான் இரண்டாவதற்காக முதலாவதைப் பறித்துக்கொண்டிருந்தேன். அவனைப் பொறுத்தவரை நான் காரணமில்லாமல் மாறிப்போன ஒருத்தி.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. இரவு மூன்று மணிக்கு எழுந்து அவனைப் புரட்டிப் போடும்போது எனக்குள் அன்பு ஒன்றும் பொங்கவில்லை, தூக்கம்தான் வந்தது. ஆனாலும் எழுந்தேன். இன்னொரு உயிரைக் கேட்காமல் அதற்காக ஒரு முடிவை எடுத்துவிட்டால், அந்த முடிவின் பாரத்தில் ஒரு பங்கு எடுத்தவர்மேலும் விழ வேண்டும். கத்தியை அவன் தாங்கினான் என்றால் தூக்கத்தையாவது நான் தர வேண்டும். பணம் கட்டினால் இந்தக் கடன் தீராது. அத்தையின் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்.

இந்தப் பதில்தான் என்னை இரண்டாவது கேள்வியில் கொண்டுபோய் விட்டது.

அப்பா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு கிள்ளானில் காவலாளி வேலை. 2016இல் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், ஆனால் பேசுவார். அம்மாவால் தூக்க முடியவில்லை. அண்ணன் ஜோகூரில், அக்கா சிங்கப்பூரில், நான் பெட்டாலிங் ஜெயாவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடிப் பேசினோம். பராமரிப்பு இல்லம் நல்லது, மாதம் இவ்வளவு வெள்ளி, மூன்று பங்காகப் போட்டுக்கொள்ளலாம். அப்பா அதே கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து அவருக்கு மேலாகவே பேசினோம். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

முடிவு தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன். வேறு வழி இருந்திருக்காது. கேட்டிருந்தால் அவரே "சரி போறேன்" என்றிருக்கலாம். அப்படிப்பட்டவர்தான். அந்தச் "சரி"யைச் சொல்லும் இடத்தை நாங்கள் அவருக்குத் தரவில்லை. முடிவை எடுத்துவிட்டு மாதாமாதம் காசை அனுப்பினோம். ஒருமுறை போனபோது அவருடைய வேட்டி நனைந்திருந்தது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். அப்பாவுக்குக் கூச்சமாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கூச்சம் எனக்குத்தான். 2018இல் போய்ச் சேர்ந்தார்.

மைலோவின் சிறுநீர் கையில் பட்டபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நாய்க்கு வெட்கம் கிடையாது, அதனால் எனக்கும் இல்லை. அவன் என்னை எடைபோட மாட்டான். அப்பாவைத் தொட்டிருந்தால் அவர் என்னைப் பார்த்திருப்பார். நாய்க்குச் செய்வது சுலபம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாய்களிடம் அன்பாக இருப்பவருக்கு மனிதர்களிடமும் அது பழகிவரும் என்பது காண்ட்டின் வாதம். கிழடாகிப்போன விசுவாசமான நாயை அவர் உதாரணம் காட்டுகிறார். என் கதையில் வரிசை தலைகீழாகிவிட்டது. பழக்கம் கைக்கு வந்தபோது அப்பா இல்லை.

மகாபாரதக் கடைசிப் பயணத்தில் தருமன் ஒரு நாயோடு சொர்க்க வாசலில் நிற்பது எல்லாருக்கும் தெரியும். நாயை விட்டுவிட்டு வா என்கிறான் இந்திரன், இவன் மறுக்கிறான். நாய் பிரியர்கள் அடிக்கடி பகிரும் கதை. அதில் இந்திரன் கேட்கும் ஒரு கேள்வியை யாரும் சொல்வதில்லை. தம்பிகளையும் பாஞ்சாலியையும் வழியில் விட்டுவிட்டு வந்தாயே, இந்த நாயை ஏன் விட முடியவில்லை என்கிறான் அவன். ஏறக்குறைய அத்தையின் கேள்வி. தருமனிடம் பதில் இருக்கிறது: அவர்கள் இறந்துவிட்டார்கள், இறந்தவர்களை என்னால் எழுப்ப முடியாது, உயிரோடு இருந்தவரை நான் அவர்களைக் கைவிடவில்லை. சின்ன வயதில் கேட்டபோது அது சாமர்த்தியமான பதிலாகத் தெரிந்தது. இப்போது பார்த்தால் அந்தப் பதிலைச் சொல்ல முடிந்தவனுக்குத்தான் நாயோடு வாசலில் நிற்கும் உரிமை இருக்கிறது. என்னால் அதைச் சொல்ல முடியாது. மைலோவுக்குச் செய்ததை அப்பாவின் கணக்கில் வரவு வைக்கவும் முடியாது. அது வேறு கணக்கு.

மூன்றாம் வாரம் வால் நுனி அசைந்தது. ஐந்தாம் வாரம் துண்டைத் தளர்த்தினால் இரண்டு நொடி நின்றான். இப்போது நடக்கிறான். பின்பக்கம் குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாயும். சோஃபாவைப் பார்த்துக் குலைப்பான், ஏற விடுவதில்லை.

போன மாதம் எங்கள் குடும்பப் புலனக் குழுவில் அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது. முட்டிவலி அதிகமாகிவிட்டது, கிள்ளான் வீட்டில் தனியாக இருக்க முடியாது, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு யார் வீட்டில் எத்தனை மாதம் வைத்துக்கொள்வது என்று அண்ணன் அட்டவணையே போட்டிருந்தார். அக்கா கட்டைவிரல் காட்டியிருந்தாள். நான் "அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்று எழுதினேன். பதில் இல்லை. அடுத்த ஞாயிறு கிள்ளானுக்குப் போனேன். அம்மா பசியாறக் கொடுத்தார். எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

எங்கேயும் வரமாட்டேன் என்றார் அம்மா. இந்த வீட்டிலேயே இருப்பாராம். வாரத்துக்கு ஒரு தடவை யாராவது வந்து கடைக்குக் கூட்டிப் போனால் போதுமாம்.

எங்கள் மூன்று பேருக்குமே வசதியில்லாத பதில் அது. அண்ணன் இன்னும் கோபமாக இருக்கிறார். சனிக்கிழமைகளில் நான் போகிறேன்.