முளைக்காத பாகல் விதை



ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அதன்படி உங்களில் பலர் கொல்லையிலும், கொல்லை இல்லாதவர்கள் மாடியில் பழைய வாளியிலும் காய்கறி விதை ஊன்றியிருப்பீர்கள். வெண்டை முளைத்திருக்கும், பாகல் முளைத்திராது. "விதை சொத்தை" என்று சொல்லி மண்ணைக் கொட்டிவிடப் பார்ப்பீர்கள். சற்றுப் பொறுங்கள். விதையைக் குறை சொல்லுமுன், அதற்கு ஏற்ற பக்குவம் செய்தோமா என்று யோசியுங்கள்.

எல்லா விதைக்கும் ஒரே பக்குவம் செல்லாது. வெண்டை விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து ஊன்றினால் போதும். பாகல் விதைக்கு ஓடு தடிப்பு. உள்ளிருக்கும் பருப்பில் படாமல் ஓட்டின் ஓரத்தை இலேசாய்க் கிள்ளி, ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். சில நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். தண்டுக்கீரை விதையோ கடுகிலும் சிறியது. ஆழப் புதைத்தால் மேலே வர அதற்குப் பலம் இராது. மணலோடு கலந்து தூவி, மெல்லிசாய் மண் போர்த்த வேண்டும். தக்காளியும் கத்தரியும் மிளகாயும் முதலில் நாற்றாக வளர்ந்து, பிறகு இடம் மாறும். அவரைக்கு வேரை அசைத்தால் ஆகாது. நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்ற வேண்டும். வெண்டை ஒரு வாரத்திற்குள் தலை நீட்டும். மிளகாய் பத்து நாளும் அதற்கு மேலும் காக்க வைக்கும்.

அக்கறை மிஞ்சினாலும் கேடுதான். விதையும் மூச்சு விடுகிறது. ஓயாமல் தண்ணீர் ஊற்றினால் காற்றில்லாமல் அழுகிப்போகும். தினமும் தோண்டிப் பார்த்தால் வந்த முளையும் ஒடிந்துபோகும்.

இப்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். மூத்தவன் ஒரு சொல்லுக்குச் செபத்தில் முழந்தாளிடுகிறான். இளையவன் பூசைக்கு வந்து வருஷமாகிறது. இருவருக்கும் ஒரே அதட்டல், ஒரே புத்திமதி. அது பலிக்காதபோது, "அவன் உருப்பட மாட்டான்" என்று அவன் காதுபடவே சொல்லிவிடுகிறோம். அவன் ஓடு தடித்த விதையாய் இருக்கலாம். அதட்டலாகிய தண்ணீரை அளவுக்கு மேல் ஊற்றியவர்கள் நாமாகவும் இருக்கலாம்.

செத்த விதை என்று அவசரப்பட்டுத் தீர்ப்பிடாதிருக்க ஓர் அத்தாட்சி கேளுங்கள். சாக்கடல் ஓரத்திலுள்ள மசாதாக் கோட்டையை 1960-களில் அகழ்ந்தபோது பேரீச்சங்கொட்டைகள் அகப்பட்டன. அவை ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமையானவை. நம் ஆண்டவர் அந்நாட்டில் நடமாடிய காலத்தை ஒட்டியவை. அவற்றில் மூன்றை 2005-ம் ஆண்டில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மருந்தும் உரமும் சேர்த்து ஊன்றினார்கள். ஒன்று முளைத்து மரமாயிற்று!

எல்லா விதையும் இப்படித் தாங்காது என்பது மெய்யே. வெங்காய விதை ஒரு வருஷத்திலேயே வீரியம் குன்றும். ஆனால் மனித ஆத்துமம் அப்படியன்று. உயிருள்ள மட்டும் மனந்திரும்பக் காலமுண்டு.

அர்ச். மாற்கு எழுதிய சுவிசேஷம் 4-ம் அதிகாரத்தில், விதைத்துவிட்டுத் தூங்கி எழும் ஒரு மனிதனைச் சேசுநாதர் காட்டுகிறார். பயிர் எப்படி முளைத்தது என்று அவனுக்குத் தெரியாது. நமக்குள்ள வேலை பக்குவம் செய்வதும் காத்திருப்பதும். முளைக்கச் செய்கிறவர் சர்வேசுரன்.

ஆகையால் இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். மிச்சமிருக்கும் பாகல் விதையை எறிந்துவிடாமல் ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். அந்தப் பிள்ளையிடம் பூசையைப் பற்றி ஒன்றும் பேசாமல், அவனுக்குப் பிரியமானதைச் சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுங்கள். அவன் தூங்கின பிறகு அவனுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். மறுநாள் காலையிலேயே முளைத்ததா என்று தோண்டிப் பார்க்காதீர்கள்.

சர்வேசுரன் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.