ஜும்ஆ உரை: பாதி வழியில் திரும்பிய தலைவர்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! உரிமை கேட்டு ஊர்வலம் போகிறீர்கள். முன்னால் போகிற தலைவர் பாதி வழியில் திரும்பி நடக்கிறார். என்ன நினைப்பீர்கள்? பயந்துவிட்டார் என்றுதானே?

1965-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், செல்மா என்ற ஊரில் இது நடந்தது. அங்கே கறுப்பின மக்களில் மிகச் சிலருக்கே ஓட்டு இருந்தது. பெயர் பதியப் போனால் மிரட்டல், வேலையும் போய்விடும். ஓட்டுரிமை கேட்டு, தலைநகர் மான்ட்கோமரிக்கு 87 கிலோமீட்டர் நடப்பது என்று சுமார் 600 பேர் மார்ச் 7 அன்று புறப்பட்டார்கள். எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்ததும் போலீஸார் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினார்கள். முன்வரிசையில் நின்ற ஜான் லூயிஸுக்கு வயது 25. மண்டை உடைந்தது.

இரண்டே நாளில் மார்ட்டின் லூதர் கிங் சுமார் 2,000 பேரோடு அதே பாலத்துக்கு வந்தார். ஊர்வலத்துக்கு நீதிமன்றம் தற்காலிகத் தடை போட்டிருந்தது. எதிரே போலீஸ். எல்லோரும் மண்டியிட்டுப் பிரார்த்தித்தார்கள். எழுந்ததும் கிங் வந்த வழியே திரும்பினார்! இளைஞர்கள் கொதித்துப்போனார்கள். ஜனாதிபதியின் தூதரோடு முன்பே பேசிவைத்த ஏற்பாடு அது. பின்னால் நடந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அவர் திரும்பியதை நான் குறை சொல்லமாட்டேன். மக்களிடம் சொல்லாமல் விட்டாரே, அதுதான் குறை.

நபியோடு நாம் யாரையும் ஒப்பிடுவதில்லை. ஆனால் ஹுதைபிய்யா உங்களுக்கு நினைவுக்கு வரவேண்டும். ஹிஜ்ரி 6-இல் இஹ்ராம் அணிந்து சுமார் 1,400 ஸஹாபாக்கள் வந்திருந்தார்கள். கஃபா எட்டும் தூரத்தில் இருந்தும், இந்த ஆண்டு திரும்பிப் போவதாக உடன்படிக்கை. உமர் (ரலி) அவர்கள் நேராக வந்து கேள்வி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் கோபப்படவில்லை, பதில் சொன்னார்கள். குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுங்கள் என்று மூன்று முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. அத்தனை துக்கம். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: யாரிடமும் பேசாமல் நீங்களே முதலில் செய்துவிடுங்கள். அப்படியே செய்தார்கள், எல்லோரும் எழுந்துவிட்டார்கள். (தலைவருக்கு வழி சொன்னது வீட்டுப் பெண்மணி என்பதையும் கவனியுங்கள்.)

திரும்பினால் இழப்பே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். கிங்கின் அழைப்பை ஏற்று செல்மா வந்த ஜேம்ஸ் ரீப் என்ற வெள்ளையின மதபோதகர் அன்றிரவே தெருவில் தாக்கப்பட்டு, இரண்டு நாளில் இறந்தார்.

பிறகு தடை நீங்கியது. மார்ச் 21 அன்று மூன்றாம் முறை, ராணுவப் பாதுகாப்போடு புறப்பட்டார்கள். 25-ஆம் தேதி மான்ட்கோமரியில் சுமார் 25,000 பேர் திரண்டார்கள். ஆகஸ்ட் 6 அன்று ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தானது. மண்டை உடைந்த ஜான் லூயிஸும் அந்த மூன்றாம் ஊர்வலத்தில் நடந்தார், கிங்கோடுதான்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.