பயணியும் பேரமும்

கடல் கடந்து சென்று திரும்பியவர் வீட்டில் பெட்டி திறக்கப்படும் வேளைக்குத் தனிக் களை உண்டு. சாக்லேட்டு, அத்தர், துணிமணி என ஒவ்வொன்றாக வெளிவரும். கூடவே அவற்றின் விலைக்கதையும் வெளிவரும். "நாற்பது வெள்ளி சொன்னாள், பதினைந்துக்கு முடித்தேன்" என்பார் பயணி. சுற்றியிருப்போர் மெச்சுவர். அந்த மெச்சுதல் தகுமா என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

பரங்கிப்பேட்டை, கடலூர் முதுநகர் போன்ற நம் கரையோர ஊர்களுக்குப் பினாங்கும் சிங்கப்பூரும் புதியவை அல்ல. 'சிதம்பரம்' என்றே பெயர் தாங்கிய கப்பல் ஒன்று 1970களில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மக்களை அங்கே ஏற்றிச் சென்றது. 1985 பிப்ரவரியில் அதில் மூண்ட தீயோடு அதன் ஓட்டம் முடிந்தது. அக்கப்பலில் போனோரில் பலர் பிழைப்பு நாடிப் போனவர்கள். கடையில் விற்கும் பக்கம் நின்றவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று விடுமுறையைக் கழிக்க விமானத்தில் போகிறார்கள்; வாங்கும் பக்கம் நிற்கிறார்கள். பிரிட்டிஷார் காலந்தொட்டுப் பினாங்குக்கு இருந்த சுங்கமில்லாத் துறைமுகம் என்னும் சலுகை 1969இல் போயிற்று. 1987 முதல் லங்காவித் தீவு சுங்கவரியற்ற தீவாக விளங்குகிறது.

லங்காவியின் குவா நகரில் பெருங்கடைகள் பல. பீங்கான் தட்டுகளும் வாசனைத் திரவியங்களும் அங்கே விலைச்சீட்டோடு அடுக்கப்பட்டிருக்கும். அங்கு நம்மவர் வாய் திறப்பதில்லை. சீட்டில் உள்ளதைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மாலையானதும் 'பசார் மாலாம்' எனப்படும் இரவுச் சந்தைக்குச் செல்கிறார்கள். கிழமைக்கு ஓர் ஊராக இடம் மாறிக் கூடும் சந்தை அது. மேசை ஒன்றைப் போட்டு முக்காட்டுத் துணி விற்கும் மலாய்ப் பெண்ணிடந்தான் அவர்களுடைய பேச்சுத்திறன் முழுவதும் வெளிப்படுகிறது. (மக்கா, மதீனாக் கடைவீதிகளிலும் இக்காட்சி உண்டென்பதைச் சென்று வந்தோர் அறிவர்.)

பேரம் பேசுவது பாவமன்று. இருவரும் மனம் ஒப்பி முடிக்கும் விலையை மார்க்கம் ஏற்கிறது. ஆனால் உள்ளூர்ச் சந்தையின் பேரமும் பயணியின் பேரமும் ஒன்றல்ல. கடலூர்த் துறைமுகத்தில் மீன் விற்கும் பெண்மணியை நாம் மறுவாரமும் பார்த்தாக வேண்டும். இன்று அவள் கூட்டிச் சொன்னால் நாளை நாம் வேறு கூடையை நாடுவோம். இன்று நாம் அடித்துப் பேசினால் நாளை நல்ல மீன் நமக்குக் கிடையாது. இந்த அச்சமும் உறவும் சேர்ந்துதான் விலையை நடுவில் நிறுத்துகின்றன. தீவுக்குச் சென்றவருக்கோ விற்பவள் முகத்தை மீண்டும் பார்க்கும் தேவையில்லை. கட்டுப்படுத்தும் கயிறு அறுந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது அவரவர் குணம் ஒன்றே.

விற்பவருந்தான் வெளியூரார் என்று கண்டு மும்மடங்கு சொல்கிறாரே, அது முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சந்தை நிலவரம் அறியாமல் சரக்கோடு வருவோரை வழியிலேயே மடக்கி மலிவாக வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளவும் உரிமை அளித்தார்கள். அறியாதவனின் அறியாமையை விலையாக்கக் கூடாது என்னும் நெறி விற்பவரையும் கட்டுப்படுத்தும் என்பதே என் எண்ணம். ஆயினும் அவர் செய்யும் தவறு நம் செயலுக்குச் சான்றாகிவிடாது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில், பொருளீட்டும் ஒழுங்குகளைக் கூறும் பகுதியில், இதற்கு ஒரு தீர்ப்புத் தந்திருக்கிறார்கள். எளியவரிடம் வாங்கும்போது விலை சற்றுக் கூடினாலும் பொறுத்துக்கொள்வது நன்மை. தேவைக்கு மேல் இலாபம் தேடும் செல்வ வணிகரிடம் அவ்வாறு ஏமாறுவது புகழுக்குரியதன்று, பொருளை வீணாக்குவதேயாகும் என்பது அதன் கருத்து. 1111இல் மறைந்த அந்தப் பெரியார் குவாக் கடைத்தெருவைக் கண்டவர் அல்லர். ஆனால் நாம் அங்கே செய்வதை இத்தீர்ப்போடு ஒப்பிட்டால் அது தலைகீழாக இருப்பது விளங்கும். பெருங்கடையில் வாய் மூடியிருக்கிறோம். மேசைக் கடையில் வாதாடுகிறோம். விமானத்தில் கூடுதல் எடைக்குக் கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கட்டுகிறோம். அந்த எடையில் ஒரு பங்கு, பத்து வெள்ளி குறைத்து வாங்கிய துணியாகவும் இருக்கும்.

"நாயகமே பேரம் பேசியிருக்கிறார்களே" என்று சிலர் கூறுவதுண்டு. உண்மைதான், அதுவும் ஒரு பயணத்தில்தான். ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் ஒட்டகம் களைத்துப் பின்தங்கியது. அதை விலைக்குக் கேட்டார்கள் நபிகள் நாயகம் (ஸல்). ஜாபிர் முதலில் மறுத்தார், மீண்டும் கேட்டார்கள். மதீனா சேரும்வரை அதன்மீதே ஏறிச் செல்வதாகப் பேசி அவர் இசைந்தார். ஊர் சேர்ந்ததும் விலையைப் பெற்றுத் திரும்பியவரை மறுபடி அழைத்து, ஒட்டகத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். ஜாபிரின் தந்தையார் உஹதுப் போரில் ஷஹீதானவர். அவர் விட்டுச்சென்ற கடனும், சகோதரிகளைப் பேணும் பொறுப்பும் அந்த இளைஞர் தலையில் இருந்தன. அதே பயணத்தில்தான் நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய திருமணத்தைப் பற்றியும் வீட்டு நிலையைப் பற்றியும் விசாரித்தார்கள்.