நாளை தெரியாத குதிரை

முதல் உலகப்போருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து 1 லட்சத்துக்கும் அதிகமான குதிரைகள் கப்பலேறின. ஊர் திரும்பியது சாண்டி என்ற ஒன்றே ஒன்று. கப்பல் செலவு, நோய்த்தொற்று பயம் என்று காரணம் சொன்னார்கள். மீதியில் பலவற்றை வேறு படைகளுக்குக் கொடுத்தார்கள், விற்றார்கள். கிழடானவற்றைச் சுட்டார்கள்.

கூடவே பாலைவனம் கடந்த குதிரையை எவனோ அடிச்சு வேலை வாங்குவானே என்று, தங்கள் கையாலேயே சுட்ட வீரர்களின் கதைகளும் உண்டு.

அது அன்பா? எனக்கு இங்கேதான் இடிக்குது. குதிரைக்கு நாளை என்பதே தெரியாது. பயம் முழுக்க மனுஷனோடது.

இப்படிச் சொல்லிட்டு நிம்மதியா நகர்ந்துடலாம். ஆனால் 1930-ல் டோரத்தி புரூக் கெய்ரோவுக்குப் போனபோது, மிஞ்சிய போர்க்குதிரைகள் எலும்பும் தோலுமாக வண்டி இழுத்துக்கொண்டிருந்தன. பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டி, சுமார் 5,000 குதிரைகளை வாங்கினார். பெரும்பாலானவற்றைக் கருணைக்கொலைதான் செய்ய முடிந்தது.

ஆக, சுட்டவன் பயந்தது நடந்தேவிட்டது. அதனால் அவன் செய்தது சரியாகிவிடுமா? நடுவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கே. அதில் ஒரு நல்ல எஜமான், ஒரு வாளி தண்ணீர், ஒரு மர நிழல்கூடவா வாய்த்திருக்காது? புரூக் எதிரே நின்றது வலியில் தவித்த குதிரை. வீரன் எதிரே நின்றது, அவன் கையை மோந்து பார்த்த, திடமான குதிரை.

சாண்டியையும் 1923-ல், பார்வை மங்கி உடம்பு தளர்ந்த பிறகு, கருணைக்கொலைதான் செய்தார்கள். அதன் எஜமானர் 1915-லேயே போரில் இறந்திருந்தார். விடைகொடுத்தது வேறு யாரோ.