எடையை மறைப்பதும் பழுதை மறைப்பதும்

துணியில் கிழிசல் இருந்தால், வாங்க வருபவரிடம் காட்டிவிட்டே விற்க வேண்டுமென்று மதரஸாவில் ஓதினோம். வாங்குபவருக்குள்ள இந்த நியாயம் சுமப்பவருக்கு இல்லையா?

கிள்ளானில் நமது கிட்டங்கிக்குப் பழைய லேத்து ஒன்று வந்தது. ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்பு. லேத்தின் பாரம் நடுவில் நிற்பதில்லை. பல்சக்கரப் பெட்டியுள்ள தலைப்பக்கமே கனம். தூக்குமுன் நகரும் கேரேஜை வால்பக்கம் தள்ளிப் பூட்டிச் சமன் பார்க்க வேண்டும். நீண்ட திருகுத்தண்டில் வடம் படலாகாது, வளைந்துவிடும். மேலே பாரம், கீழே அடி குறுகல். உருளைக் குழாய்மேல் தள்ளுகையில் சிறு சரிவிலும் கவிழும். இவ்வளவும் அறிந்திருந்தோம். லோரிக்காரரின் அவசரத்தில் எதையும் சொல்லவில்லை. லேத்து சாய்ந்தது. வங்காளதேசத்துத் தம்பி ஒருவர் நல்லவேளையாகக் காலை இழுத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ்.

கடற்காற்றில் துருவேறுமென்று அதே லேத்துக்கு எண்ணெய் பூசித் தார்ப்பாய் போர்த்தியவர்களும் நாமே! இரும்பு நமக்கு அமானிதம், அந்தக் கால்?

1991-இல் சுங்கை பூலோ பட்டாசு ஆலை வெடித்தது. அதன்பின் வந்த 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம், இயந்திரம் விற்பவரும் அதன் பாதுகாப்பு விவரங்களைத் தரவேண்டும் என்கிறது. "கூலி கொடுத்தாயிற்றே" என்பார் சிலர். கூலி உழைப்புக்குப் பேசியது. சொல்லாத ஆபத்துக்கு யார் விலை பேசினார்?

இப்போது எடையைச் சாக்குக்கட்டியால் லேத்தின் மீதே எழுதுகிறோம். கனத்த பக்கத்துக்கு அம்புக்குறி. அந்தத் தம்பி வந்தால் முதலில் அதைத்தான் தேடுகிறார். நம் முகத்தைப் பார்ப்பதில்லை.